கிணற்றைத் தொடாத தண்ணீர்

"உங்க துகள் பொய் சொல்லுது மேடம்."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே மாசிலாமணி இதைச் சொல்லிவிட்டார். செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

செங்கமலம் எழுதுவதை நிறுத்தவில்லை.

"என்ன பொய் சார்?"

"கிணறு ஒண்ணு. தண்ணி ஒண்ணு. போன வாரம் லேசா மங்குச்சு. நேத்து ஒரேயடியா அணைஞ்சு போச்சு. இன்னைக்குப் பாதி. இப்படியா மாத்தி மாத்திப் பேசும்?"

"கிணறு மாத்திப் பேசாதா?"

"கிணறு எப்படி மேடம் பேசும்?"

"துகள் மட்டும் எப்படி சார் பேசும்?"

மாசிலாமணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எரிந்துவிழ முடியாது. செங்கமலம் அவருடைய ஆய்வு வழிகாட்டி.

அவளுக்கு அவர் ஒரு காலத்தில் வாத்தியார். அரசுப் பள்ளியில் அவளுக்கு வேதியியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தன் பழைய மாணவியிடமே ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்திருந்தார். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட ஐம்பது வயதுக்கு மேல் நுழைவுத் தேர்வு எழுதியவர் இல்லை.

அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரைச் சார் என்பாள். அந்த அறையில் யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

துகள் என்று அவர் சொன்னது கண்ணுக்குத் தெரியாத சங்கதி. தலைமுடியின் தடிமனை ஆயிரக்கணக்கான பங்காக வெட்டினால் வரும் அளவு. தண்ணீரில் கலந்து ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிரும். அந்தத் தண்ணீரில் ஈயம் துளியூண்டு இருந்தாலும் போதும், துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒளி மங்கிவிடும். நிறைய இருந்தால் அணைந்தே போகும்.

மற்ற விளக்குகள் எரிந்து காட்டும். இது அணைந்து காட்டுகிற விளக்கு.

"வெறும் தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் செங்கமலம்.

"வாலை வடிநீர்தானே? அது ஜம்முனு ஒளிருது."

"அதை எதுல ஊத்திப் பாத்தீங்க?"

"இங்க இருக்கிற குப்பியிலதான்."

அவள் எழுந்தாள். வடிநீர்க் குழாயைத் திறந்தாள். அவர் கையிலிருந்த பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து நிரப்பினாள். தண்ணீர் கெடாமலிருக்க வழக்கமாக விடும் இரண்டு சொட்டு அமிலத்தையும் அவரையே விடச் சொன்னாள். பாட்டிலை மூடி அவரிடம் கொடுத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டு உங்க ஊர் கிணத்துக்குப் போங்க."

"போயி?"

"கிணத்தடியில மூடியைத் திறங்க. மூடுங்க. திரும்பிக் கொண்டாங்க."

"கிணத்துத் தண்ணி?"

"அதைத் தொடக் கூடாது."

மாசிலாமணி பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ஸுல போயி, தண்ணியைக் கிணத்துக்குக் காட்டிட்டு வரணுமா?"

"ஆமா சார்."

"இதுல என்ன தெரியப்போகுது?"

செங்கமலம் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மாசிலாமணி வல்லம்பாறைக்கு, அதாவது சொந்த ஊருக்கு, தண்ணீரைச் சுமந்துகொண்டு போனார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தாகம் என்று பாட்டிலுக்குக் கை நீட்டினார். இது குடிக்கிற தண்ணி இல்லை என்று சொல்லி இவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்துக் கல்பாலத்தில் கருப்பணன் உட்கார்ந்திருந்தான்.

அவனை மட்டும் அன்று பார்க்க வேண்டாம் என்றுதான் மாசிலாமணி நினைத்துக்கொண்டு வந்தார். கருப்பணன் பழைய பேட்டரி வாங்கி உடைப்பவன். உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கி விற்பவன். அவனுடைய பட்டறை குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டி இருந்தது. இப்போது அதில் பூட்டுத் தொங்கியது. பூட்டு அவனுடையது அல்ல.

"சார், நல்லாப் பாத்தீங்களா?" என்றான் அவன், எழுந்து நின்று.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஞாயித்துக்கெழம பட்டறையப் பிரிக்கறாங்களாமுங்க. வூட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. புள்ளைங்கள மச்சான் வூட்டுல விட்டிருக்கறேன்."

மாசிலாமணி செருப்பைப் பார்த்தார்.

"தண்ணியில ஈயம் இருக்குதுன்னா நானே போயிடறனுங்க. ஒருத்தரும் தள்ள வேண்டாம். ஆனா எம்புள்ளைங்களும் அதே தண்ணியத்தானுங்களே குடிக்குது? கிணத்துல நாங் கொண்டுபோயி அதக் கொட்டுவனுங்களா?"

"வேணும்னு யாரும் கொட்டலை கருப்பணா. தானா எறங்கும்."

"எறங்கியிருக்குதுங்களா?"

மாசிலாமணி பையை இறுக்கிக்கொண்டு நடந்தார். கிணற்றடியில் பாட்டிலைத் திறந்தார். மூடினார். துணி துவைக்கத் தண்ணீர் இறைக்க வந்த இரண்டு பெண்கள், அந்தக் கிணற்றை விட்டுவிட்டு அடுத்த தெருக் குழாய்க்குக் குடத்தோடு போய்க்கொண்டிருந்த மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வாத்தியார் கிணற்றுக்குத் தண்ணீர் காட்டுகிறார் பார் என்று ஒருத்தி சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

மாலையில் ஆய்வறையின் கடைசி மூலைக்குப் போனார். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய இருட்டறை அது. பாட்டில் தண்ணீரில் துகளைக் கலந்து ஊதா விளக்கைப் போட்டார்.

நீலம் மங்கியது.

"மேடம்!"

செங்கமலம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? கிணத்தைத் தொடவே இல்லை. மூடியைத் திறந்ததுக்கே மங்குது! அந்த ஊர்க் காத்துலயே ஈயம் இருக்கு. பட்டறைப் புகை. நான் நினைச்சதைவிட மோசம்."

அவருடைய குரலில் ஒரு குதூகலம் இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"பட்டறை இப்போ ஓடுதா சார்?"

"இல்லை. பூட்டிக் கிடக்கு."

"எத்தனை நாளா?"

"ஒரு பத்து நாள் இருக்கும்."

"அடுப்பே எரியலை. அப்புறம் ஏது புகை?"

மாசிலாமணி பாட்டிலின் மூடியை இறுக்கினார்.

"யார் பூட்டினது?"

"ஊர்க்காரங்க."

"ஏன் பூட்டினாங்க?"

விளக்கின் ஊதா வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று அவருக்குப் பட்டது.

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"முதல் தடவை மங்கினப்பவே தெரிஞ்சுபோச்சேன்னு… குடிக்கிற தண்ணியாச்சே மேடம். சின்னப் பிள்ளைங்க குடிக்குது. சொல்லாம எப்படி இருக்கறது?"

"என்னன்னு சொன்னீங்க?"

"ஈயம் இருக்குன்னு."

"மங்குச்சுன்னு சொன்னீங்களா, ஈயம் இருக்குன்னு சொன்னீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

செங்கமலம் விளக்கை அணைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், வார்த்தைகளைக் குறைத்துக்கொள்வாள். பள்ளியிலும் அப்படித்தான் இருந்தாள் என்பது மாசிலாமணிக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"நாளைக்குக் காலைல வாங்க. அந்த பாட்டிலோட."

மறுநாள் அவர் வந்ததும் பாட்டிலைக் கழுவி, வடிநீர் நிரப்பி, அமிலம் விட்டு, கையில் கொடுத்தாள். ஒரு முக்காலியைக் காட்டினாள்.

"எந்த ஊருக்குப் போகணும்?" என்றார் மாசிலாமணி.

"எங்கேயும் போக வேண்டாம். இதை வெச்சுக்கிட்டு உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

வகுப்பில் எத்தனையோ பேரை இப்படி உட்காரவைத்தவர் அவர். இப்போது அவர் முறை. இளம் ஆராய்ச்சி மாணவர்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் டீ வேண்டுமா சார் என்றான். வேண்டாம் என்றார். மூடியை அவ்வப்போது திருகித் திறந்தார், மூடினார். கிணற்றடியில் செய்ததைத்தானே செய்ய வேண்டும்?

உட்கார்ந்திருந்தபோது கருப்பணன்தான் மனதில் வந்துகொண்டிருந்தான். அவன் குழந்தைகளின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்று தோன்றியது. ஊரில் ஒரே தெருக்காரர்கள், இருந்தும் தெரியாது.

மதியத்துக்கு முன்னால் செங்கமலம் கூப்பிட்டாள். இருட்டறை. துகள். விளக்கு.

நீலம் மங்கியது.

"இப்போ இங்க கிணறு இருந்துச்சா சார்?"

"இல்லை."

"கருப்பணன் இருந்தாரா?"

"இல்லை மேடம்."

"வேற யார் இருந்தா?"

"யாரும் இல்லை. நானும் இந்த பாட்டிலும்தான்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

செங்கமலத்துக்கும் விடை தெரியாது என்பதுதான் உண்மை. ஈயம் எங்கிருந்து வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

மாசிலாமணி பாட்டிலை விளக்கருகே கொண்டுபோனார். அடியைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். மூடியைத் திருப்பினார். மூடியின் மேல் வட்டமாக ஒரு கறை, ஊதா வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. திருகுமரையின் இடுக்குகளிலும் அதே கறுப்பு.

அறை விளக்கைப் போட்டார்.

சிவப்பு.

அவருடைய வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்குவதில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு வைத்தார்கள். மிதிவண்டிக்கு வைத்தார்கள். ஆராய்ச்சிக்கென்று வாங்கிய பாட்டில்களுக்கு மட்டும் வைக்காமல் விடுவார்களா? நல்ல காரியத்துக்கு முதல்முதலாகக் கிளம்புகிறோம் என்று மூடிக்கு மூடி அவரே வைத்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை கிணற்றுக்குக் கிளம்பும்போதும் பாட்டில்களைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிடுவார். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைப்பார். ஒரு நாள் விரல் நிறைய. ஒரு நாள் அவசரத்தில் லேசாக.

மாறி மாறி மங்கியதற்குக் காரணம் அவருடைய விரல்.

"எங்க வாங்கின குங்குமம் சார்?"

"கடையிலதான். நல்ல பளிச்சுனு இருக்குமேன்னு…"

அந்தப் பளிச்சுக்குச் சிலர் எதைக் கலப்பார்கள் என்பது இருபத்தைந்து வருடம் வேதியியல் நடத்தியவருக்குத் தெரியாதா? சிவப்பு ஈயம். அமிலம் பட்டால் கரையும் என்று கரும்பலகையில் சமன்பாடே எழுதிப் போட்டிருக்கிறார். இந்தச் செங்கமலம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

அவர் நகத்தால் மூடியிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டினார். ஜம்மென்று ஒளிர்ந்துகொண்டிருந்த வேறொரு குப்பியில், அமிலத்தில் நனைத்துப் போட்டார்.

நீலம் அவர் கண்ணெதிரே அணைந்தது.

அவர் பையை எடுத்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு. கிணத்துல ஈயம் இல்லைன்னு சொல்லணும். ஞாயித்துக்கெழமை பட்டறையைப் பிரிச்சிடுவாங்க."

"கிணத்துத் தண்ணியைப் பாத்தீங்களா?"

"அதான் குங்குமம்னு தெரிஞ்சுபோச்சே!"

"அது பாட்டிலைப் பத்தி. கிணத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் கதவருகே நின்றுவிட்டார். நீலம் முதலில் மங்கிய அன்றைக்கும் இப்படித்தான் பையை எடுத்துக்கொண்டு ஓடினோம் என்று அவருக்கு உறைத்தது.

செங்கமலம் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்த புது பாட்டில்களை எடுத்து, பலமுறை அலசி, உறையில் போட்டு மூடினாள். கையுறை ஒரு கட்டும் வைத்தாள்.

"சாமியை நல்லா கும்பிட்டுக்கோங்க சார். பொட்டு உங்க நெத்தியில இருக்கட்டும். பாட்டிலுக்கு வேண்டாம்."

அடுத்த நாள் அவர் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார். ஒரு பாட்டிலில் வடிநீரையும் கூடவே கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவந்திருந்தார். யாரும் சொல்லாமலேயே.

"வெளியில நில்லுங்க" என்றாள் செங்கமலம்.

அவர் நின்றார். கிணறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். முதல் தடவை இதே இடத்தில் நின்றபோது, ஈயம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அது தேவையாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க."

இருட்டில் மூன்று குப்பிகள் இருந்தன. எதிலும் பெயர் இல்லை. இரண்டு ஒளிர்ந்தன. ஒன்று மங்கியிருந்தது.

"எது கிணறு, சொல்லுங்க."

அவர் மங்கலான குப்பியைக் காட்டினார்.

"அதுல ஈயத்தை நான் கலந்தேன். தெரிஞ்ச அளவு. துகள் வேலை செய்யுதான்னு பாக்க."

அவர் மூச்சு விட்டார்.

"மிச்சம் ரெண்டுல ஒண்ணு நீங்க ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த வடிநீர். ஒண்ணு கிணறு. எது கிணறு?"

குனிந்தார். ஒரு குப்பியைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒளியை அளக்கும் கருவியில் வைத்து எண்களையும் பார்த்தார். இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"தெரியலை மேடம்."

"நல்லாப் பாருங்க."

"தெரியலை. எனக்குத் தெரியலை."

செங்கமலம் அறை விளக்கைப் போட்டாள்.

"இத்தனை நாள்ல நீங்க சொன்ன முதல் சரியான முடிவு இதுதான் சார்."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அதை அவள் பார்க்காத மாதிரி குப்பிகளை எடுத்து அடுக்கினாள்.

"அப்போ கருப்பணன் மேல தப்பே இல்லையா?"

"புகையை நாம இன்னும் பாக்கலை. மண்ணைப் பாக்கலை. அந்தத் தொழில்ல ஆபத்து இருக்கு, அவருக்கே இருக்கு. அதுக்கு வேற சோதனை. நீங்க ஊருக்குச் சொன்னது கிணத்தைப் பத்தி. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"ஈயம் எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"குங்குமக் கடைக்காரன்னு சொல்லிடலாமா?"

"சொல்லலாம். போகும்போது அந்தக் கடைக்கும் ஒரு பூட்டு வாங்கிட்டுப் போங்க."

மாசிலாமணி தலை குனிந்தார்.

"நீங்களும் கூட வாங்களேன் மேடம். நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

"அன்னைக்கு நீங்க சொன்னப்போ நான் கூட வரலையே சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை வல்லம்பாறைக் கிணற்றடியில் ஊர் கூடியிருந்தது. இருவர் கையில் கடப்பாரை இருந்தது. பட்டறைக் கூரையிலிருந்து ஒரு தகரத்தை ஏற்கெனவே உருவிப் போட்டிருந்தார்கள். கருப்பணன் தள்ளி, பூவரச மரத்தடியில் நின்றான். அவனருகே இரண்டு குழந்தைகள்.

"நிறுத்துங்க" என்றார் மாசிலாமணி. "கிணத்துத் தண்ணியில ஈயம் இல்லை."

கடப்பாரைகள் நின்றன.

"ஏனுங்க வாத்தியாரே," என்றாள் பாவாயி. தண்ணீர்க் குழுவுக்கு அவள்தான் தலைவி. பூட்டை வாங்கிவந்து பூட்டியதும் அவள்தான். "அன்னைக்கு இருக்குதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். அன்னைக்கு ஈயம் கிணத்துல இல்லை. நான் கொண்டுவந்த பாட்டில்ல இருந்துச்சு."

கூட்டம் முணுமுணுத்தது.

"பாட்டில்ல ஈயம் எப்படிங்க வரும்? யாராச்சும் போட்டாத்தானுங்களே வரும்?"

சொல்லிக்கொண்டே பாவாயி திரும்பிக் கருப்பணனைப் பார்த்தாள். அவளோடு ஊரும் திரும்பியது. கருப்பணன் குழந்தைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க வாத்தியாரே. யாரு போட்டது?"

மாசிலாமணி நடந்து போய்க் கருப்பணனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார்.

"நான்தானுங்க."